மாதச் சம்பளமும் முதல் நாவலும்

தமிழில் முதல் நாவல் எது என்று கேட்டால் எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். 1879இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திரம்'. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். பரீட்சையில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த 'முன்சீப்' என்ற சொல்லை நாவலோடு சேர்த்துப் பார்க்கும்படி எங்களுக்குப் பாடம் நடத்திய எவரும் சொன்னதில்லை. 1898இல் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா உப்பு இலாகாவில் அதிகாரி. அதுவும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வந்து போய்விடும். மேலைநாட்டுத் தொடர்பு, அச்சு எந்திரத்தின் வரவு, உரைநடையின் வளர்ச்சி என்று மூன்று காரணம் எழுதினால் முழு மதிப்பெண். நாலாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அது சம்பளம். மாசம் பொறந்தா கைக்கு வருகிற சம்பளம், சாயங்காலம் முடிஞ்சு போகிற வேலை, வீட்டில் உட்கார ஒரு இடம். பாட்டுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. நாத்து நட்டுக்கிட்டே நம்ம பொம்பளைங்க பாட்டுக் கட்டியிருக்காங்க. கவிதையை பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் எழுதி, இறங்கியதும் குறித்துக்கொள்ளலாம். நாவலை அப்படி எழுத முடியாது. நேற்று விட்ட இடத்துக்கு இன்றைக்கும் அதே நேரத்தில் திரும்பி வரணும், நாளைக்கும் வரணும், இரண்டு வருஷத்துக்கு வரணும். இந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலித்துகளின் முதல் நாவல்களைத் திரும்பப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நான் நின்று பார்க்கிற இடம் திருப்பூர். வாரச் சம்பளத்து ஊர்.

தலித் இலக்கியத்தின் வரலாற்றை நாம் வழக்கமாக அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டித்தான் தொடங்குகிறோம். எழுச்சி வந்தது, எழுத்து வந்தது என்கிறோம். சரிதான். ஆனால் எழுச்சி சேரி முழுக்க வந்தது. நாவல் எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் யார் யார், எழுதிய காலத்தில் என்ன வேலை பார்த்தார்கள்? 1960களிலேயே 'மலரும் சருகும்' எழுதிய டி. செல்வராஜ் வழக்கறிஞர். 1979இல் 'பிறகு' எழுதிய பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தவர். (பூமணி 'தலித் எழுத்தாளர்' என்ற அடையாளத்தை ஏற்றுக்கொள்ளாதவர். அது அவர் உரிமை. 'பிறகு' நாவலின் அழகிரி என்கிற சக்கிலியரை நம்முடைய வாசிப்பிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது.) ப. சிவகாமி 1980இல் ஐ.ஏ.எஸ்.; அவருடைய முதல் நாவல் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. 1994இல் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது இமையம் பள்ளி ஆசிரியர். ராஜ் கௌதமன் விமர்சனமாக எழுதிக் குவித்துவிட்டு ஐம்பது வயசுக்கு மேல், 2002இல், 'சிலுவைராஜ் சரித்திர'த்தோடு நாவலுக்கு வந்தார். கல்லூரிப் பேராசிரியர்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 'உத்தியோகத்துக்குப் போன தலித்துக்கு சேரியைப் பத்தி என்ன தெரியும்' என்று கேட்கிறவர்கள் நம்ம பக்கத்திலும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. முன்சீப் எழுதினால் அது நாவல், ஆசிரியர் எழுதினால் மட்டும் அது நடுத்தர வர்க்கத்தின் பார்வையா? நான் சொல்ல வருவது வேறு. இட ஒதுக்கீடு நம்மில் சிலருக்கு உத்தியோகத்தைக் கொடுத்தது, அந்த உத்தியோகம் கூடவே ஒரு சாயங்காலத்தையும் கொடுத்தது. தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பத்திரிகைகளையும் பதிப்பகங்களையும் கணக்கில் எடுக்கிறார்கள். அரசாணைகளையும் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு புத்தகம் உண்டு. பாமாவின் 'கருக்கு'. ஆசிரியையாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு மடத்துக்குப் போனார். ஏழு ஆண்டு இருந்துவிட்டு 1992இல் மடத்தையும் விட்டு வெளியே வந்தார். வேலையும் இல்லை, மடமும் இல்லை, கையில் காசும் இல்லை. அந்த ஆண்டிலேயே 'கருக்கு' வந்துவிட்டது. நண்பராக இருந்த பாதிரியார் ஒருவர் உன் வாழ்க்கையை எழுதிப் பார் என்று சொன்னதன்பேரில், தன் மனசை ஆற்றிக்கொள்ள எழுதியது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சம்பளமில்லாத நேரத்தில் எழுதப்பட்ட புத்தகம்தான். ஆனால் நேரம் இருந்தது. எல்லாம் போனதால் கிடைத்த நேரம் அது. வேலை போனால் ஒருத்தருக்குக் கிடைக்கிறது நேரமா, பசியா என்பது முன்னால் அவர் என்ன படித்திருந்தார், எங்கே திரும்பிப் போகலாம் என்பதைப் பொறுத்தது. அதே வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில், அதே வீட்டில் பாமாவுக்கு முன்னால் படித்து மேலே போன அண்ணன் ஒருவர் இருந்தார். ராஜ் கௌதமன்தான் அந்த அண்ணன்.

இனி திருப்பூர். வெளியூர்த் தோழர்களுக்கு இந்த ஊரின் கடிகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே எட்டு மணி நேர ஷிப்டு என்பது பேச்சளவில் இருப்பது. ஊர் ஓடுவது 'ஒன்றரை ஷிப்டு' கணக்கில். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை. ஷிப்மெண்ட் நேரம் வந்துவிட்டால் விடியவிடிய. டெய்லருக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட். சிங்கரோ ஓவர்லாக்கோ பேட்லாக்கோ, எத்தனை பீஸ் முடிகிறதோ அத்தனை காசு. செக்கிங், கைமடி, பேக்கிங் என்று மிச்ச வேலைக்கு ஷிப்டுக் கூலி. சனிக்கிழமை ராத்திரி சம்பளம். மளிகைக்காரன், சீட்டுக்காரன், லைன் வீட்டு வாடகை எல்லாம் சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஞாயித்துக்கிழமை துணி துவைக்கணும், கறி எடுக்கணும், ஊருக்குப் போயிட்டு வரணும், தூங்கணும். வாரத்தில் ஒரு நாள் அது, அதையும் ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சட்டமாகவே ஆக்கிவிடலாம் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். திருப்பூரில் டீக்கடை பெஞ்சில் அப்போது ஒரு பெரியவர் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. "இதுக்கு எதுக்குங்க புதுசா சட்டம்? நாங்க என்ன சட்டத்தைக் கேட்டா வேலைக்கிப் போறம்?" 1984இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர் நாலு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த காலத்தைப் பார்த்தவர் அவர். அந்த வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு நாவல் வந்திருக்கலாம். அத்தனை மாதம் கம்பெனி மூடிக்கிடந்தபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் யார் ஊரைவிட்டுப் போனார்கள், பிறகு கம்பெனிகள் எப்படிச் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளாகத் துண்டு துண்டாகப் பிரிந்தன என்பதெல்லாம் ஆராய்ச்சியாளர்களின் புத்தகங்களில் இருக்கிறது. சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு, தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் முன்னேற்றத்தை 'உழைப்பு' என்கிற ஒரே சொல்லால் எப்படி விளக்கிக்கொள்கிறார்கள் என்பதை விரிவாகப் பேசுகிறது. அதே பட்டறையில் அதே அளவுக்கு உழைத்த மாதாரி ஏன் முதலாளி ஆகவில்லை என்ற கேள்வி அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கிறது. நிலமும் சொந்தமும் கடன் கொடுக்கிற கையும் யாருக்கு இருந்தது என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அந்த பதிலை ஒரு ஆளாக, ஒரு குடும்பமாக, முப்பது வருஷமாகக் காட்ட நாவலால்தான் முடியும்.

திருப்பூரைப் பற்றி நாவல் இல்லாமல் இல்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் வந்தது. நொய்யல் சாயக்கழிவாக ஓடியதை இலக்கியத்தில் முதலில் பதிவு செய்த புத்தகங்களில் ஒன்று. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயத் தண்ணிக்குத் தொட்டியாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லாரும் அறிந்தது. அதற்குப் பதிமூன்று வருஷம் முன்னாலேயே ஒரு நாவல் அதைச் சொல்லிவிட்டது. அதை எழுதியவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். இங்கேயும் மாதச் சம்பளம். கொங்கு வட்டாரத்து அருந்ததியர் வாழ்க்கைக்கு நாவலில் நல்ல சித்திரம் கொடுத்தது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000இல் வந்தது. பண்ணயத்தில் ஆடு மேய்க்கிற பையனின் கதை. நான் மதிக்கிற நாவல். ஆனால் கவுண்டர் பண்ணயத்தில் வேலை செய்த அந்தப் பையனின் பேரன் இன்றைக்குத் திருப்பூரில் பேட்லாக் ஓட்டுகிறான். அவனே எழுதிய நாவல் எங்கே?

எழுதிக்கொண்டிருக்கிறார், அதைத்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பேட்லாக் டெய்லர், வயசு நாற்பத்தெட்டு, பத்தாவது ஃபெயில். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவர். நியூ செஞ்சுரி போட்ட அம்பேத்கர் தொகுதிகளைத் தவணையில் வாங்கிப் படித்தவர். எட்டு வருஷமாக நாவல் எழுதுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில்தான் எழுத்து. ஆறு நோட்டு ஆகியிருக்கிறது. ஏன் இத்தனை வருஷம் என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன பண்றது தம்பி. மிஷின்ல உக்காந்தா ஒரு பீஸுக்கு இத்தனைன்னு கணக்கு இருக்குது. நோட்டுல உக்காந்தா, இந்தப் பக்கம் எழுதற நேரத்துல எத்தன பீஸு போயிருக்கும்னு மனசு தானா கணக்குப் போடுது. அப்பறம் எழுதுன பக்கத்தப் படிச்சுப் பாத்தா, அத்தன காசு பெறுமான்னு ஒரு சந்தேகம் வந்துருதுங்."

இலக்கியக் கோட்பாடு படிக்கிற தோழர்களுக்கு இந்த இடத்தில் ழாக் ரான்சியேர் ஞாபகம் வரும். 1830களின் பிரான்சில் தையற்காரர்களும் தச்சர்களும் பகல் முழுக்கப் பட்டறையில் கிடந்துவிட்டு, அடுத்த நாள் உழைப்புக்குத் தூங்க வேண்டிய ராத்திரியைத் திருடி எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், தத்துவம் பேசினார்கள் என்று 1981இல் அவர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தொழிலாளி தூங்காமல் எழுத உட்காருவதே ஒரு கலகம் என்பது அவர் வாதம். எனக்குப் பிடித்த புத்தகம். ஆனால் அந்தத் தொழிலாளர்களும் பெரும்பாலும் எழுதியது கடிதம், கவிதை, கட்டுரை, துண்டுப் பிரசுரம். ராத்திரியைத் திருடி அவ்வளவுதான் கொண்டுவர முடியும் போலிருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்திலிருக்கிற உதாரணம் அண்ணாபாவ் சாத்தே. 1920இல் மகாராஷ்டிரத்தில் மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் நிலைத்துப் படிக்காதவர். பம்பாய்க்கு வந்து எடுபிடி வேலையிலிருந்து ஆலை வேலைவரை பார்த்தவர், சேரியிலேயே குடியிருந்தவர். அவர் முப்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 1959இல் வந்த 'ஃபகீரா'வை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். அப்போ என் வாதம் உடைந்துபோகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு முன்னால் கட்சி இருந்தது. 1944இல் அமர் ஷேக், கவாண்கர் இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'லால் பாவ்டா' கலைக்குழு இருந்தது. தமாஷா மேடையில் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளிகள் அவர் வாயிலிருந்து கதை கேட்டுப் பழகியிருந்தார்கள். நாவல் எழுதும் முன்பே அவருக்கு வாசகர்கள் தயாராக இருந்தார்கள். அத்தனை எழுதியும் 1969இல் வறுமையில்தான் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1972இல் 'பஞ்சமர்' எழுதிய கே. டானியலும் அப்படித்தான், தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் போராட்டங்களுக்குள்ளிருந்து நாவலுக்கு வந்தவர். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' 2006இல் புத்தகமாகி, பிறகு 'விசாரணை' என்ற படமாகி வெனிஸ் வரைக்கும் போனது. அவரும் இயக்கத்து ஆள். ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. பீஸ் ரேட்டில் அது கிடையாது.

மாதச் சம்பளம் இல்லாத இடத்தில், அந்தச் சாயங்காலத்தை இயக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறது என்றுதான் இந்தக் கதைகளை நான் படிக்கிறேன். இதில் நம்ம முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கி சென்னையில் நடத்தியபோது அதற்குத் தோள் கொடுத்தவர்களில் கோலார் தங்கவயலின் தொழிலாளிகள் முக்கியமானவர்கள். 1914இல் பண்டிதர் இறந்த பிறகு, பத்திரிகை பின்னாளில் ஜி. அப்பாதுரையார் கையில் தங்கவயலிலிருந்தே வந்தது. மாரிக்குப்பத்துச் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பூமிக்கு அடியில் சுரங்கத்தில் இறங்கியவர்கள் கூலிக் காசில் அச்சுக்கூடம் வளர்த்தார்கள். எம்.ஏ. பாடத்தில் இதெல்லாம் எனக்கு வரவில்லை. வெளியே வந்துதான் படித்தேன்.

பதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'கருக்கு' வந்தது இலக்கியப் பதிப்பகத்திலிருந்து இல்லை. மதுரையில் இருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் என்ற அமைப்பு போட்டது. இலக்கியச் சந்தையின் வாசலுக்கே போகாமல் வந்த புத்தகம். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, பல்கலைக்கழகங்களில் பாடமான பிறகு, அதே சந்தை அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதில் ஒரு வில்லங்கமும் வந்தது. தலித் என்றால் தன்வரலாறு, தலித் எழுத்து என்றால் சாட்சியம் என்று பதிப்பாளர்கள் மனசில் பதிந்துவிட்டது.

பேட்லாக் அண்ணனின் முதல் மூன்று நோட்டுகளை நானே தட்டச்சு செய்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஏழு மாசம் கழித்து பதில் வந்தது. மரியாதையான பதில்தான். எழுத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இதை நாவலாக இல்லாமல், ஒரு பனியன் தொழிலாளியின் தன்வரலாறாக, 'நான்' என்று மாற்றி எழுதித் தந்தால் போடலாம் என்றார்கள். அண்ணன் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் நாவலின் நாயகி ஒரு கவுண்டர் வீட்டுப் பெண். பட்டறை நொடித்துப்போய், நகையை அடகு வைத்துவிட்டு, கணவனுக்குத் தெரியாமல் வேறு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறவள். கதை அவள் மனசுக்குள்ளிருந்தே நடக்கிறது. "நான் அந்தப் புள்ளயாக முடியாதுங்களா தம்பி? அவுங்கெல்லாம் எத்தன வருசமா நம்மளாட்ட எழுதறாங்க" என்றார்.

இந்தக் கேள்வியை நம்ம இதழ்களும் கேட்டுக்கொள்ளணும். சாட்சியம் கேட்டு வாங்கிப் போடுவதில் நாம் நல்ல காரியம் செய்திருக்கிறோம், இந்தப் பக்கங்களே அதற்கு சாட்சி. ஆனால் பட்ட அடியைச் சொல்ல மட்டும் ஒருத்தனுக்கு உரிமை, இன்னொருத்தர் மனசுக்குள் புகுந்து பார்க்க உரிமையில்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்? எல்லாருடைய வீட்டுக்குள்ளும் போகிற இலக்கிய வடிவம் நாவல். வீட்டுக்குள் விடாதவர்களின் வீட்டுக்குள்ளும் போகும். அண்ணன் கொல்லைப்பக்கமாக எத்தனையோ வீட்டில் வேலைக்கு நின்றிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்களுக்கு அவரைத் தெரிந்ததைவிட அவருக்கு அவர்களைத் தெரியும்.

இனி படிக்கிறவர்கள் பக்கம். முதல் நாவல் எழுதுகிறவருக்குப் பயம் விமர்சகனால் வருவதில்லை, சொந்த வளவால் வருவது. 'கருக்கு' வந்ததும் பாமா சில மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்தார். நம்ம மானத்தை வெளியே விட்டுவிட்டாள் என்று ஊர்க்காரர்களுக்குக் கோபம். படித்த இளைஞர்கள் வாசித்துக் காட்டிப் புரியவைத்த பிறகு தணிந்தது. சிவகாமியின் முதல் நாவலில் காத்தமுத்து என்கிற தலித் தலைவர் வருகிறார். வெளியே நியாயம் பேசுகிறவர், வீட்டில் ஆணாதிக்கம் பண்ணுகிறவர். இப்படி எழுதலாமா என்று நம்மவர்களே கேட்டார்கள். சில ஆண்டு கழித்து அவர் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். தன் முதல் நாவலை எழுதிய பெண்ணையே நிறுத்தி வைத்து விசாரிக்கிற புத்தகம். தன் முதல் புத்தகத்தை இப்படித் திரும்பக் கிளறிப் பார்க்கிற துணிச்சல் தமிழில் அபூர்வம். அதைப் பற்றி நாம் பேசியது போதாது. 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார்களின் வாழ்க்கையை, தலித்துகளுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வை, ஆரோக்கியம் என்கிற பெண் வழியாகச் சொன்னபோது சுந்தர ராமசாமி கொண்டாடினார், ராஜ் கௌதமன் கடுமையாக எதிர்த்தார். யார் கொண்டாடுகிறார்கள் என்பதை வைத்தே ஒரு நாவலைச் சந்தேகப்பட்ட காலம் அது. எனக்கு ராஜ் கௌதமனிடம் பெரிய மரியாதை உண்டு. 2024 நவம்பரில் அவர் போனபோது எங்கள் வட்டம் ஒரு ஞாயிறு முழுக்க அவரைத்தான் வாசித்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் இமையம் பக்கம். வளவுக்குள் இருக்கிற மேடு பள்ளத்தை நாமே எழுதவில்லை என்றால் யார் எழுதுவார்கள்?

வளவின் கோபம் புரிந்துகொண்டால் தணியும். ஊர்க்காரன் கோபம் வேறு. புதுக்கோட்டை மாவட்டம் குளந்திரான்பட்டில் துரை. குணா 2014இல் 'ஊரார் வரைந்த ஓவியம்' என்ற சின்ன நாவலை வெளியிட்டார். அவர் குடும்பத்தையே ஊர் ஒதுக்கிவைத்தது. அதே ஆண்டு கடைசியில்தான் 2010இல் வந்த 'மாதொருபாக'னுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கலவரம் கிளம்பியது. பெருமாள்முருகனுக்காக நாடே பேசியது, பேச வேண்டியதுதான், நாங்களும் போஸ்டர் ஒட்டினோம். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பு சொன்னது. குணாவுக்காகப் பேசிய வாய்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இலக்கிய உலகத்திலும் ஊர் வேறு, சேரி வேறு என்பது விளங்கும். 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துப் போட்டபோதும் இதேதான்.

மொழிச் சிக்கலையும் சொல்லாமல் விட முடியாது. 'கருக்கு' பேச்சுத் தமிழில் வந்தபோது, எம்.ஏ. படித்த எங்களுக்கு வகுப்பில் 'கொச்சை' என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் இலக்கியமாக எதிரே நின்றது. கொங்கு அருந்ததியருக்கு இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். வளவுக்குள் ஒரு மொழி, பண்ணயத்தில் 'சாமி' போட்டுப் பேசுகிற கொங்குத் தமிழ், கம்பெனியில் இப்போது பீகாரிப் பையன்களோடு பேசுகிற அரைகுறை இந்தி. அண்ணன் நாவலில் அம்மா பேசுகிற இடமெல்லாம் கொஞ்ச நாள் காலியாகவே கிடந்தது. தெலுங்கை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாமா, தமிழாக்கி எழுதலாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் தெலுங்கிலேயே எழுதிவிட்டு அடுத்த வரியில் மகன் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வதுபோல் வைத்திருக்கிறார். எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்ததில்லை. வீட்டுக்குக் கடன்காரர் வந்தபோதெல்லாம் சின்ன வயசில் அவர் செய்த வேலையே அதுதான்.

2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. அதை எதிர்த்த வழக்குகளெல்லாம் கடந்து, 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. அந்த மூன்று சதவீதத்தில் எங்கள் பக்கம் சிலர் ஆசிரியராக, கிளார்க்காக ஆகியிருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷத்தில் அவர்களில் யாரோ ஒருத்தர் சாயங்காலம் உட்கார்ந்து எழுதுவார். அதுவரை பீஸ் ரேட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று வட்டத்தில் பேச்சு வந்தபோதுதான் கோலார்க் கதையை நான் சொன்னேன். பேச்சு நீண்டு ஒரு ஏற்பாட்டில் முடிந்தது. பன்னிரண்டு பேர், வாரத்துக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அண்ணன் மிஷினில் உட்கார வேண்டாம், அந்த அரைநாள் கூலி வட்டத்தின் செலவு. முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் ஒத்துக்கொண்டார். எங்கள் சங்க அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை போட்டோம். முதல் சனிக்கிழமை வந்தார், உட்கார்ந்தார், தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை. அடுத்த வாரம் நாலு பக்கம். போன வாரம் ஷிப்மெண்ட், வர முடியவில்லை. அந்த அறுநூறு ரூபாயை ஏழாவது நோட்டுக்கும் தட்டச்சுக் கூலிக்கும் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.